ஒரு வாசலா, பல வாசலா? அமெரிக்காவும் ஜப்பானும் மென்மரம் வாங்கிய கணக்கும் எங்கள் மரக்காலையும்

சாவகச்சேரிப் பக்கம் எங்களுக்கு மரம் அரிந்து விற்கிற ஒரு மரக்காலை இருக்கிறது. ஐயா தொடங்கியது. இப்போது தம்பி பார்க்கிறான், கணக்குப் புத்தகம் என்னிடம். போன ஆடியில் தம்பி ஒரு யோசனையோடு வந்தான். வன்னியிலிருந்து முதிரையும் பாலையும் வருவது குறைந்துகொண்டே போகிறது. பனை தறிக்க அனுமதி எடுத்து, அரிந்து, அடுக்கி வைப்பதற்குள் வீடு கட்டுகிறவர் இரும்புக் கூரைக்குப் போய்விடுகிறார். ஆகவே கொழும்பு இறக்குமதியாளர் ஒருவரிடம் பேசி, பைன் மரத்தைக் கொள்கலன் கணக்கில் எடுத்து, கூரை மரம் முழுவதையும் அதற்கே மாற்றிவிடலாம் என்றான். "அமெரிக்காவில முழு வீடுமே பைனிலதானே நிக்குது அக்கா. ரொரன்ரோவில அண்ணை ஒவ்வொரு நாளும் அந்த மரத்தைத்தானே அறைஞ்சுகொண்டு நிக்கிறார்." பெரியம்மாவின் மகன் அங்கே வீட்டுச் சட்டம் அடிக்கிற வேலை செய்கிறார். அதனால் தம்பி சொன்னது வெறும் கேள்விப்பட்ட கதை இல்லை.

சரி என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் போதவில்லை. பைன் வாங்கி வீடு கட்டுவதில் பல பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் அமெரிக்காவும் ஜப்பானும் என் மேசைக்கு வந்தன. இரண்டும் மரவீட்டு நாடுகள். இரண்டும் தங்கள் காடு போதாமல், அல்லது தங்கள் காட்டைத் தொடாமல், வெளியிலிருந்து மென்மரம், அதாவது பைன் போன்ற ஊசியிலை மரம், வாங்கியவை. ஆனால் வாங்கிய விதம் வேறு, வாங்கியதால் வந்த விளைவும் வேறு.

ஒப்பிட உட்காரும் எவரும் முதலில் அளவில் தடுக்கி விழுவார்கள், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கணக்கு பலகை அடியில் இருக்கும்: ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு. ஜப்பான் கணக்கு கன மீற்றரில். ஒரு கன மீற்றருக்கு 424 பலகை அடி என்று வகுத்தால் போதும் என்று நானும் நினைத்தேன். போதாது. எங்கள் ஆசாரிமார் "நாலுக்கு ரெண்டு" என்று சொல்வதை அமெரிக்காவில் "ரெண்டுக்கு நாலு" என்று விற்கிறார்கள். ஆனால் சீவிக் காயவைத்த பின் அந்த மரம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். கணக்கில் எழுதுவது முழு இரண்டும் நாலும். அப்படிப் பார்த்தால் அவர்கள் ஆயிரம் பலகை அடி என்று எழுதுவதில் கையில் கிடைக்கும் மரம் சுமார் 1.6 கன மீற்றர். நேரே வகுத்தால் 2.36 என்று வரும். இரண்டு நாடுகளின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் அமெரிக்கா வாங்கியது அரைவாசி கூடுதலாகத் தெரியும். ஆகவே நான் இரண்டு நாடுகளையும் ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் தன் பழைய காலத்தோடு ஒப்பிடும்போது ஏறியதா இறங்கியதா, ஏன் என்பதைத்தான் பார்த்தேன்.

அமெரிக்கா: பக்கத்து வளவுக்காரனிடமே வாங்கியவர்

அமெரிக்கா வாங்கும் மென்மரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் கனடாவிலிருந்துதான் நெடுங்காலமாக வந்திருக்கிறது. எல்லை தாண்டினால் காடு. ரயிலில் ஏற்றினால் சில நாட்களில் வந்து சேரும். மொழி ஒன்று, அளவு ஒன்று, தரமுத்திரைகூட ஏறக்குறைய ஒன்று. 1990களில் அமெரிக்கா பாவித்த மென்மரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனடா மரம்; இப்போது அது கிட்டத்தட்ட நாலில் ஒன்று. வாங்குகிறவருக்கு இதைவிட வசதியான வழி இருக்க முடியாது என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்த வசதிக்குள்ளேயே 40 வருடத்துக்கு மேலாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 1982-இல் அமெரிக்க மர ஆலைக்காரர்கள் முதல் முறைப்பாட்டைக் கொடுத்தார்கள். கனடாவில் காட்டின் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். நிற்கிற மரத்தைத் தறிப்பதற்கான கட்டணத்தை மாகாண அரசுகள் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார் காணி மரம், சந்தை விலை. 'அரசாங்கம் மலிவாகக் கொடுக்கிற மரத்தோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது' என்பது அமெரிக்க ஆலைகளின் கேள்வி. கனடா அதை ஏற்கவில்லை. 1986-இல் கனடாவே 15 வீத ஏற்றுமதி வரி அறவிட ஒப்புக்கொண்டது. 1991-இல் அதைக் கைவிட்டது. 1996-இல் ஓர் உடன்படிக்கை, 2001-இல் அது முடிந்தது. 2002-இல் அமெரிக்கா போட்ட வரிகள் சேர்ந்து 27 வீதத்தைத் தாண்டின. 2006-இல் மறுபடியும் சமாதானம்: அதுவரை அறவிட்ட சுமார் 5 பில்லியன் டொலரில் சுமார் 4 பில்லியன் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2015-இல் அந்த உடன்படிக்கையும் காலாவதியானது. 2017-இல் புதிய வரி சராசரியாக 20 வீதம். 2020 டிசம்பரில் 9-க்கு இறங்கி, அடுத்த வருடம் 18-க்கு அருகே ஏறி, 2025 ஓகஸ்டில் 35 வீதத்தைத் தொட்டது. அதே வருடம் ஒக்டோபரில் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மேலும் 10 வீதம். ஆகக் கூடி 45.

கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் என்னை நிறுத்தியது வரியின் அளவைவிட அது அறவிடப்படும் முறை. மரம் எல்லை தாண்டும்போது இறக்குமதியாளர் வரியை வைப்புப் பணமாகக் கட்ட வேண்டும். இறுதி வரி எவ்வளவு என்பது மீளாய்வு முடிந்த பிறகுதான் வரும். அதற்கு ஒன்றிரண்டு வருடம் போகும், மேல்முறையீடு வந்தால் இன்னும் நீளும். அதாவது இன்றைக்கு விற்று முடித்த மரத்தின் கொள்விலை என்ன என்பது மரம் வீடாகிக் குடிபுகுந்த பிறகுதான் தெரியும். பெரிய கம்பனிகள் அதைத் தாங்கும். கனடாவின் கான்ஃபோர், வெஸ்ட் ஃபிரேசர் போன்றவை அமெரிக்கத் தென்மாநிலங்களிலேயே ஆலைகளை வாங்கி, வரிச் சுவருக்கு உள்ளே போய் இருந்துகொண்டன. எங்கள் அளவில் உள்ள ஒரு மரக்காலை அப்படியொரு நிலையில் ஒரு வருடம்கூடத் தாங்காது.

வழக்கு மனிதர் போட்டது. இன்னொன்று பூச்சி போட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் முடிவில் மலைப் பைன் வண்டு பெருகத் தொடங்கியது. அரிசி மணி அளவுப் பூச்சி. வழமையாகக் கடுங்குளிர் அதன் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர்காலம் சூடாகச் சூடாக அப்படிச் சாவது நின்றுபோயிற்று. கடைசியில் 1 கோடி 80 இலட்சம் ஹெக்டேயர் காடு பாதிக்கப்பட்டது. இலங்கை முழுவதையும் போல இரண்டரை மடங்குக்கு மேல். செத்த மரம் பழுதாகுமுன் அரிந்து விற்க வேண்டும் என்பதால் சில வருடம் மரம் வெள்ளமாக வந்தது. பிறகு அரிய மரம் இல்லாமல் ஆலைகள் மூடின. வாங்குகிறவருக்கு அந்த மலிவான வருடங்களில் பின்னால் வரப்போவது தெரிந்திருக்காது. விற்கிற ஒருவரை மட்டும் நம்பினால் அவர் காட்டின் வருத்தமும் எங்கள் வருத்தமாகிவிடும்.

அமெரிக்க இறக்குமதி வீட்டோடு ஏறி வீட்டோடு விழுவது. 2005-இல் அங்கே 20 இலட்சத்துக்கு மேல் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். மர இறக்குமதியும் அந்த வருடத்தில்தான் உச்சம். 2009-இல் வீடுகள் 5 இலட்சத்து 54 ஆயிரமாகச் சரிந்தன. இறக்குமதி பாதிக்கும் கீழே போனது. பிறகு மெல்ல ஏறினாலும் 2005-இன் உயரத்தை அது மறுபடி தொடவேயில்லை. தென்மாநிலங்களின் பைன் தோட்டங்கள் அந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பின. ஜெர்மனி, சுவீடன் மரமும் 2016-க்குப் பிறகு கூடுதலாக வரத் தொடங்கியது. இரண்டாவது வாசலைத் திறக்க அமெரிக்காவுக்கு இத்தனை வருட வழக்கு தேவைப்பட்டிருக்கிறது.

ஜப்பான்: மலையில் மரம் நிற்க, கப்பலில் மரம் வாங்கியவர்

ஜப்பானின் கதை எனக்குக் கிட்டவாகப் பட்டது. ஏனென்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

போருக்குப் பிறகு ஜப்பானின் மலைகள் மொட்டையாக இருந்தன. போருக்கும் விறகுக்கும் எரிந்த நகரங்களைத் திரும்பக் கட்டவும் தறித்து முடித்திருந்தார்கள். 1950களிலும் 60களிலும் ஊர் ஊராகச் சனம் மலையேறி 'சுகி' என்ற ஊசியிலை மரத்தையும் 'ஹினோகி' என்ற சைப்பிரசையும் நட்டார்கள். இன்று ஜப்பானின் காட்டில் 40 வீதம், சுமார் 1 கோடி ஹெக்டேயர், இப்படி மனிதர் நட்டது. ஆனால் நட்ட மரம் வளர நேரம் வேண்டும், வீடு உடனே வேண்டும். ஆகவே 1964-இல் மர இறக்குமதியை முழுதாகத் திறந்துவிட்டார்கள். 1955-இல் தங்கள் தேவையில் 90 வீதத்துக்கு மேல் தாங்களே கொடுத்த நாடு, எல்லா வகை மரமும் சேர்த்து, 2002-இல் 18.8 வீதத்துக்கு இறங்கிவிட்டது.

அதுவரை பார்த்தால் அமெரிக்காவைவிட மோசம். ஆனால் அவர்கள் ஒரே வாசலில் நிற்கவில்லை. அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து டக்ளஸ் ஃபேர் வகையின் அரியாத உருளை மரம், சைபீரியாவிலிருந்து ரஷ்ய மரம், கனடாவிலிருந்து ரெண்டுக்கு நாலு, தென்கிழக்காசியாவிலிருந்து ஒட்டுப்பலகைக்கு வெப்பவலய மரம். 1990-இல் அமெரிக்கா புள்ளி ஆந்தையைப் பாதுகாக்கவென்று மேற்குக் கரைக் காடுகளில் தறிப்பை இறுக்கியது. அரசுக் காணி உருளை மரம் ஏற்றுமதியாவதையும் சட்டத்தால் நிறுத்தியது. ஜப்பான் ஐரோப்பா பக்கம் திரும்பி சுவீடன், பின்லாந்து, ஒஸ்திரியாவிடம் வாங்கத் தொடங்கியது. 2007, 2008-இல் ரஷ்யா உருளை மரத்துக்கு ஏற்றுமதி வரியை 25 வீதம் வரை ஏற்றியபோது வேறு மரத்துக்கு மாறிக்கொண்டது. ஒவ்வொரு கதவு மூடும்போதும் விலை ஏறியதுதான். ஆனாலும் வீட்டு வேலை நிற்கவில்லை.

இதற்குள் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. 1980களிலும் 90களிலும் மலையில் சுகி வளர்ந்துகொண்டிருக்கும்போதே ஏன் கப்பல் மரம் வென்றது? மலிவு ஒரு காரணம். 1985-க்குப் பிறகு யென் பெறுமதி ஏறியதும் ஒரு காரணம். ஆனால் இன்னொரு காரணம் ஈரம். சுகி மரத்தில் தண்ணீர் அதிகம், காயவைப்பது கடினம். உள்ளூர்ச் சிற்றாலைகள் பச்சையாகவே அரிந்து விற்றன. பழைய தச்சர்கள் அதற்கேற்ப வேலை செய்தார்கள். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கத்தில் 6,400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பழைய மரவீடுகள் இடிந்து நசுங்கியவர்கள். பாரமான ஓட்டுக்கூரை, பலவீனமான சட்டம். 2000-இல் புது வீட்டின் கட்டமைப்புக்கு 10 வருடப் பொறுப்பைக் கட்டுகிறவர் ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன்பின் முறுகும், சுருங்கும் மரத்தை எந்தக் கட்டடக்காரரும் தொடத் தயாரில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த, பலகைகளை ஒட்டிச் செய்த ஒட்டுமரத் தூண்கள் காய்ந்தவை, நேரானவை, ஒன்றைப் போல ஒன்று. சொந்த மரம் மலையில் நிற்க, அது ஈரமாக இருந்ததால் தோற்றது.

இதை வாசித்த அன்று நான் மரக்காலைக்குப் போய் எங்கள் பனை அடுக்கைப் பார்த்தேன். போன மழைக்கு முன் அரிந்தது, மண்ணில் நேரே அடுக்கி, தகரத்தை மேலே சாத்தி வைத்திருந்தோம். கீழ் வரிசை பூஞ்சணம். மேல் வரிசை வில்லாக வளைந்திருந்தது. வாங்க வந்தவர் இரும்புக்குப் போனதற்கு நாங்கள் பனையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சொந்தக் காட்டைக் கவனியாமல் விட்டதற்கு ஜப்பான் கொடுத்த விலை பெரிது. மரம் விலைபோகாததால் மலை வேலைக்கு ஆட்கள் இல்லை: 1980-இல் காட்டு வேலை செய்தவர்கள் சுமார் 1 இலட்சத்து 46 ஆயிரம் பேர், 2015-இல் சுமார் 45 ஆயிரம். இடையிடையே தறித்து ஐதாக்காமல் விட்ட சுகித் தோட்டங்கள் வசந்த காலத்தில் மகரந்தத்தைக் கொட்டி, இன்று மூன்றில் ஒருவருக்கு மேல் தும்மலும் கண்ணெரிவும். 2023-இல் அந்தத் தோட்டங்களின் பரப்பைப் பத்து வருடத்தில் 20 வீதம் குறைக்க அரசே திட்டம் போட வேண்டியதாயிற்று.

ஆனாலும் அவர்கள் திரும்பி வந்தார்கள். சிறிய மரத்தையும் மெல்லிய தகடாக உரிக்கும் இயந்திரங்கள் வந்ததும் ஒட்டுப்பலகை ஆலைகள் சுகிக்கு மாறின. இப்போது உள்நாட்டில் செய்யும் ஒட்டுப்பலகைக்குப் போகும் மரத்தில் பெரும்பங்கு உள்நாட்டு மரம். உலர்த்தும் சூளைகள் கட்டினார்கள், சுகியையே ஒட்டுமரம் ஆக்கினார்கள். 2010-இல் பொதுக் கட்டடங்களில் மரம் பாவிக்கச் சட்டம் போட்டார்கள். 2019-இல் கட்டி முடித்த டோக்கியோ தேசிய விளையாட்டரங்கின் இறவாரத்தில் 47 மாகாணங்களின் மரமும் இருக்கிறது. 46 மாகாணங்களின் சுகி, ஒகினாவாவின் பைன். 2020-இல் சொந்த மரத்தின் பங்கு 41.8 வீதம். அரிந்த மென்மர இறக்குமதி 1990களின் நடுப்பகுதி உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே. இதில் ஒரு பகுதி வீடு கட்டுவது குறைந்ததால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 1990-இல் சுமார் 17 இலட்சம் புது வீடுகள், 2009-இல் 8 இலட்சத்துக்கும் கீழே. சனத்தொகை குறைகிற நாடு அது. முழுப் புகழையும் சூளைக்குக் கொடுக்க முடியாது.

2021: ஒரே வருடம், இரண்டு அடி

இரண்டு வழிகளையும் உரசிப் பார்க்க 2021 போதும். கொரோனாவில் வீட்டுக்குள் இருந்த அமெரிக்கர்கள் வீடு வாங்கவும் திருத்தவும் தொடங்கினார்கள். முன்பு ஆயிரம் பலகை அடிக்கு 400 டொலர் அளவில் இருந்த மரம் அந்த மே மாதத்தில் 1,600-ஐத் தாண்டியது. ஒரு சாதாரணத் தனி வீட்டுக்குச் சுமார் 15,000 பலகை அடி வேண்டும் என்றால், வீட்டுக்காரர் தலையில் விழுந்தது எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். ஓகஸ்டில் அது 500-க்கும் கீழே திரும்பி வந்தது. மே மாதத்தில் வாங்கிக் குவித்த வியாபாரி ஓகஸ்டில் என்ன செய்தார் என்பதை நான் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானில் அந்த அடிக்கு 'மர அதிர்ச்சி' என்றே பெயர் வைத்தார்கள். ஐரோப்பிய மரம் விலை கூடக் கிடைத்த அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டது, கொள்கலன் கிடைக்கவில்லை. பல வாசல் வைத்திருந்தும், ஒரு பெரிய வீட்டுக்காரர் எல்லா வாசலிலும் கூட விலை சொல்லி நின்றால் ஒதுங்கத்தான் வேண்டும். அப்போது உள்ளூர் மரத்தின் பக்கம் ஓடினார்கள். மரம் நின்றது, ஆனால் ஒரு இரவில் தறிக்க ஆட்களும் உலர்த்தச் சூளையும் போதவில்லை. கையில் 40 வீதம் சொந்தமாக இருந்ததால் வேலை முற்றாக நிற்கவில்லை என்பதுதான் வித்தியாசம். அடுத்த வருடம் ரஷ்யா உருளை மரத்தையும் உரித்த மரத் தகட்டையும் ஜப்பானுக்கு விற்பதை நிறுத்தியது. யென்னும் விழுந்தது, 2021 தொடக்கத்தில் டொலருக்கு 103 அளவில் இருந்தது 2022 ஒக்டோபரில் 150.

டொலர் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே 2022-இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360. அமெரிக்கா தன் காசிலேயே மரம் வாங்குகிறது. அதற்கு இந்தப் பயம் இல்லை. தம்பி அமெரிக்காவை உதாரணம் காட்டியபோது நான் முதலில் சொன்ன மறுப்பு இதுதான். பைன் இறக்குமதியில் நாங்கள் எந்த நாட்டைப் போல இருக்கிறோம் என்று கேட்டால், கடல் தாண்டி, விழக்கூடிய காசில் வாங்குகிற ஜப்பானைப் போல. அவ்வளவு வாசல்களும் எங்களிடம் இல்லை.

எங்கள் பக்கம்

ஒரு வாசல் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தாருக்குப் புள்ளிவிபரம் வேண்டியதில்லை. 1990-இல் மூடிய ஏ9 வீதி 2002-இல்தான் திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது, போர் முடியும்வரை அப்படியே. வன்னி மரம் அந்த வீதியால்தான் வரவேண்டும். சீமெந்தும் இல்லை, மரமும் இல்லை. அந்த வருடங்களில் எங்களைத் தாங்கியது வேலியோரத்துப் பனை. கூரைக்கும் பனை, பதுங்குகுழிக்கும் பனை. இலட்சக்கணக்கில் தறிபட்டது, நட்டது மிகக் குறைவு. டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனை மரம் கொழும்புக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பலேறிப் போயிருக்கிறது. நாங்கள்தான் அப்போது மற்றவர்களுக்கு வாசல்.

பனையைப் பற்றிக் கூடுதலாகப் புகழ விரும்பவில்லை, அதன் குறைகளும் எனக்குத் தெரியும். கூரைக்கு உதவும் வைரம் ஏற அறுபது எண்பது வருடம் வேண்டும். வெளிச்சுற்று மட்டும்தான் இரும்பு. நடுவில் உள்ள சோறு எதற்கும் ஆகாது. அதனால் ஒரு மரத்தில் கைமரமாகவும் சிலாகையாகவும் தேறுவது கொஞ்சம். தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும், அது இருக்கத்தான் வேண்டும். நன்றாக அரியத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம். ஆனால் வைரமேறிய பெண் பனையில் போட்ட கூரை மூன்று தலைமுறை ஓடு சுமந்து நிற்பதை நான் வரணியிலும் மிருசுவிலிலும் பார்த்திருக்கிறேன்.

பைனுக்கு வருகிறேன். நியூசிலாந்துப் பைன் 25, 30 வருடத்தில் வளர்வது, மருந்தை நன்றாக உறிஞ்சும், ஆணி இலகுவில் இறங்கும். வெறும் பைன் எங்கள் கறையானுக்கு விருந்து. போரன் மருந்து ஏற்றியது மழை படாத உள் வேலைக்குச் சரி. மழை பட்டால் கரைந்து போய்விடும். வெளி வேலைக்குச் செம்புக் கலவை ஏற்றிய, இலேசாகப் பச்சை நிறம் காட்டும் மரம் வேண்டும். எதை வாங்கினாலும் வெட்டிய முனையில் மருந்து திரும்பப் பூச வேண்டும், ஏனென்றால் உள்ளே மருந்து முழுதாகப் போயிருக்காது. அப்புறம், பனைக்குப் போட்ட அதே தடிப்பில் அதே இடைவெளியில் பைனைப் போட்டுப் பாரமான ஓடு ஏற்றினால் கூரை தொய்யும். தடிப்பைக் கூட்ட வேண்டும், அல்லது இடைவெளியைக் குறைக்க வேண்டும். அப்போது மலிவு என்று சொன்னது அவ்வளவு மலிவாக நிற்காது. ரொரன்ரோ அண்ணையிடம் இதைக் கேட்டேன். அங்கே கூரைக்கு மேலே இலேசான தார்த் தகடுகள்தான், எங்கள் ஓடு இல்லை என்றார்.

பொதி இறக்கிய தட்டுகளைப் பிரித்து விற்கிற பைன் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்க வருகிறவர்கள் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அதில் சுட்ட முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுவரை 56 பாகை சூட்டில் 30 நிமிடம் வைத்தது. எல்லை தாண்டும்போது பூச்சி கூட வராமல் இருக்கச் செய்தது அது. உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு கறையான் ஏறாது என்பதற்கு அந்த முத்திரை எந்தப் பொறுப்பும் சொல்லவில்லை. எம்.பி. என்று இருந்தால் நச்சுப்புகை போட்டது. அதைப் பிள்ளைகளின் கட்டிலுக்கு எடுக்காதீர்கள்.

இவ்வளவையும் வைத்துத் தம்பியோடு மூன்று இரவு இருந்து பேசினோம். கூரை மரத்தை முழுதாகப் பைனுக்கு மாற்றுவதில்லை என்று முடிவு. பைன் எடுக்கிறோம், ஒரே கொள்கலனில் மரக்காலையின் காசு முழுவதையும் போடாமல், பாதி அளவில்: சீலிங், அலுமாரித் தட்டு, உள்ளறைப் பலகை, கொங்கிறீட் அடைக்கும் பலகை. கூரைக்குக் கேட்டு வருகிறவருக்கு மருந்தேற்றிய பைனின் தடிப்பையும் இடைவெளியையும் எழுதிக் கொடுத்துத்தான் விற்பது. இரண்டு இறக்குமதியாளர்களிடம் விலை வாங்கி வைப்பது, ஒருவர் மலிவாகத் தந்தாலும் மற்றவரை விட்டுவிடாமல். மிச்சக் காசில் பனைக்கு ஓர் உலர்த்தும் கொட்டகை: ஒன்றரை அடி உயர்ந்த சீமெந்துத் தளம், காற்று ஓடப் பக்கம் திறந்தது, வரிசைக்கு வரிசை இடைக்கட்டை வைத்து அடுக்க இடம், ஓர் ஈரமானி. ஈரம் அளந்து எழுதாமல் ஒரு சிலாகையும் வெளியே போவதில்லை என்று தம்பியே சொன்னான்.

வரணியில் அம்மாவின் சீதனக் காணியின் தெற்கு எல்லை வெறுமையாகக் கிடக்கிறது. ஆவணியில் விழுந்த பழத்தில் 300 கொட்டை பொறுக்கி வைத்திருக்கிறோம், ஐப்பசி மழைக்கு முன் புதைக்க. ஐயா கதிரையோடு வந்து நின்று இடைவெளி பார்த்துச் சொல்கிறேன் என்றார். கொட்டகைக்குத் தம்பி தூண் குழி வெட்டத் தொடங்கிவிட்டான்.